நீர்நாய் பாரிசுக்குப் போன கதை

சென்ற நவம்பர் மழையில் நம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரவு பதினொன்றரை மணி. பின்மதிலை ஒட்டிய மழைநீர் வடிகாலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் கருத்த உருவம் ஒன்று தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அடையாறு பக்கமாக நீந்திப் போகிறது. பத்து விநாடி வீடியோதான். அதற்கு நாற்பது பதில்கள்.

முதலில் வந்தது "கீரி". அடுத்து "மரநாய்". சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பி பிளாக் மாமி, "இது ஆட்டர், அங்கே நாங்கள் தினமும் பார்ப்போம்" என்று அடித்துச் சொன்னார். "ஆட்டருக்குத் தமிழில் என்ன?" என்று ஒரு பையன் கேட்டான். அரை மணி நேரம் குரூப்பில் சத்தமே இல்லை. பிறகு யாரோ தேடிப் பார்த்து "நீர்நாய்" என்று போட்டார்கள். "நாயா? தடுப்பூசி போட்டாச்சா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதோடு நான் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் நம் செக்யூரிட்டி வீடியோவைப் பார்த்துச் சிரித்தார். அது பெருச்சாளி. டிரான்ஸ்பார்மர் மேடைக்கு அடியில் வளை வைத்திருக்கிறது, மழை வந்தால் வெளியேறி நீந்தும், வருடா வருடம் நடப்பதுதான் என்றார். ஆக, மாமி சொன்னது தப்பு. ஆனாலும் அந்தப் பையனின் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. இந்தப் பத்தியில் இதுவரை தெருக்களையும் கோயில்களையும் பழைய பங்களாக்களையும் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை ஒரு பிராணியின் வரலாறு. அதிலும் முக்கியமாக அதன் பெயரின் வரலாறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெருச்சாளிக்கு உரிய மரியாதையைச் செய்துவிடலாம். ஆங்கிலத்தில் அதற்கு 'பாண்டிகூட்' என்று பெயர். ஆங்கிலேயர் தாங்களாக வைத்த பெயர் இல்லை. தெலுங்கில் 'பந்திகொக்கு' என்றால் பன்றி எலி. அந்தச் சொல்லைத்தான் வாயில் நுழைந்தபடி மாற்றிக்கொண்டார்கள். பிற்பாடு ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் எலி மாதிரி இருந்த வேறொரு பிராணிக்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டார்கள். நம் வடிகாலில் நீந்துவதன் பெயர் ஆஸ்திரேலியா வரை போயிருக்கிறது.

நீர்நாயின் பெயர் போன இடம் பாரிஸ்.

1816-ல், ஆங்கிலேயர் வசம் இருந்த பாண்டிச்சேரி மறுபடியும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. அந்த ஆண்டே லெஷனோ என்ற தாவரவியலாளர் அங்கே வந்து சேர்ந்தார். ஏற்கெனவே ஆஸ்திரேலியாவுக்கும் ஜாவாவுக்கும் கப்பலில் போய்ச் செடிகொடி சேகரித்தவர். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை, இங்குள்ள பயிர்கள், மரங்கள், பிராணிகளில் உபயோகமானதையும் புதுமையானதையும் சேகரித்துப் பாரிசுக்கும் மற்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கும் அனுப்புவது. 1822 வரை இந்த வேலையைச் செய்தார். அவர் அனுப்பிய பெட்டிகளில் ஒரு நீர்நாயும் போயிற்று. அதோடு, இந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் தன் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதி அனுப்பினார். வாய்விட்டுப் படித்தால் 'நீர்-நாயி' என்றுதான் வரும்.

பாரிசில் அதைப் பெற்றுக்கொண்டவர் பிரெடெரிக் குவியே. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் குவியேயின் தம்பி. பாரிஸ் மிருகக்காட்சிசாலையின் பொறுப்பில் இருந்தவர். ஐரோப்பிய நீர்நாயிலிருந்து இது வேறுபட்டது என்று அவருக்குத் தோன்றியது. 1823-ல் 'லூட்ரா நாயர்' என்று பெயரிட்டு அச்சில் ஏற்றினார். லூட்ரா என்றால் லத்தீனில் நீர்நாய். நாயர் என்பது நம்முடைய நீர்நாய், வால் கொஞ்சம் தேய்ந்து. கேரளத்து நாயருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சி பிளாக் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விலங்கியலில் ஒரு விதி உண்டு. ஒரு பெயரை முதலில் எந்த ஊர் மாதிரியை வைத்துக் கொடுத்தார்களோ, அந்த ஊரும் பெயரோடு ஏட்டில் நிற்கும். லூட்ரா நாயருக்கு எதிரே இன்றைக்கும் எழுதியிருக்கும் ஊர் பாண்டிச்சேரி. நம் வாசலிலிருந்து ஈசிஆரில் மூன்று மணி நேரம்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. தமிழ்நாட்டில் நீர்நாய் என்பது ஒன்றல்ல, மூன்று. ஆறுகளிலும் அணைகளிலும் கூட்டமாகத் திரியும் பெரிய நீர்நாய் ஒன்று. ஏழு முதல் பதினொரு கிலோ வரை இருக்கும். பட்டையான வால், வழவழப்பான ரோமம். மலை ஓடைகளில் நண்டு பொறுக்கித் தின்னும் சிறிய நீர்நாய் இன்னொன்று. மூன்று, மூன்றரை கிலோவுக்கு மேல் போகாது. உலகத்திலுள்ள நீர்நாய்களில் மிகச் சிறியது இதுதான். நகம் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சின்னது. விரல்களைக் கை மாதிரி உபயோகித்துக் கல்லுக்கு அடியில் துழாவும். மூன்றாவதுதான் குவியேயின் 'நாயர்'. அயர்லாந்திலிருந்து ஜப்பான் பக்கம் வரை பரவியிருந்த ஐரோப்பிய நீர்நாயின் தென்னிந்திய, இலங்கைக் கிளை என்று இன்று அதை வகைப்படுத்துகிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் இவ்வளவு துல்லியம் இல்லை. சமவெளியில் பார்த்த நீர்நாயையெல்லாம் 'நாயர்' என்றே எழுதினார்கள். 1941-ல் லண்டன் மியூசியத்தில் போகாக் என்பவர் மண்டையோடுகளையும் தோல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்து எழுதிய புத்தகம்தான் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தெளிவாக்கியது. அப்படிப் பிரித்த பிறகு, தமிழ்ப் பெயரைத் தாங்கிய அந்த மூன்றாவது நீர்நாயைத் தென்னிந்தியாவில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பல பத்தாண்டுகளாக உறுதியான தடயம் எதுவும் இல்லை. கடைசியில் அது கிடைத்தது வால்பாறைச் சாலையில், வண்டியில் அடிபட்டுச் செத்த நிலையில். மரபணுச் சோதனை செய்து பார்த்து, இது அதுதான் என்று சில ஆண்டுகளுக்கு முன் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். நம் பெயர் கொண்ட பிராணி திரும்பக் கிடைத்தது டயருக்கு அடியிலிருந்து.

லெஷனோவுக்கு அந்தப் பெயரைச் சொன்னவர் யார்? பாண்டிச்சேரிப் பக்கத்து மீனவரோ வேட்டைக்காரரோ கூலியாளோ, ஏதோ ஒரு தமிழர். 'ஆட்டருக்குத் தமிழில் என்ன' என்று கேட்டதும் அவருக்குச் சட்டென்று பதில் வந்திருக்கிறது. அரை மணி நேரம் ஆகவில்லை.

வராமல் எப்படி இருக்கும்? அந்தச் சொல் அப்போதே இரண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பழையது. சங்கப் பாடல்களில், முக்கியமாக மருதத் திணைப் பாடல்களில், நீர்நாய் பல இடங்களில் வருகிறது. குறுந்தொகையில் பிரம்புப் புதர் மண்டிய நீர்க்கரையில் இருக்கிறது. ஐங்குறுநூற்றில் பொய்கையில் பள்ளிகொள்ளும் நீர்நாய் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது. இரண்டிலும் அதன் சாப்பாடு வாளை மீன். பரத்தையிடம் போய்விட்டு வரும் தலைவனின் ஊர் எப்படிப்பட்டது என்று சொல்ல வரும்போதெல்லாம் புலவர்கள் இதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். சொல்லாமல் சொல்லும் குத்தல் அதில் இருக்கும், அது வேறு விஷயம். எனக்கு ஆச்சரியமாக இருப்பது அவர்கள் சொல்லும் விவரம். பகலில் அடர்ந்த கரைப் புதரில் படுப்பது, ஒவ்வொரு நாளும் புதிதாக இரை தேடுவது, உடம்பில் மீன் வாசனை. இன்றைய ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இவை அத்தனையும் இருக்கும். மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனை நம்மில் மூத்தவர்கள் சிலர் பார்த்திருக்கலாம். 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் விடாமல் காட்டுயிர் பத்தி எழுதியவர். பழந்தமிழ்ப் பாடல்களை இந்தக் கண்ணோடும் வாசித்தவர். அவர் குரூப்பில் இருந்திருந்தால் அன்றிரவு பெருச்சாளியை இரண்டு விநாடியில் அடையாளம் சொல்லியிருப்பார். கூடவே நம்மைத் திட்டியும் இருப்பார்.

அந்தக் காலத்து மெட்ராஸ் ராஜதானியில் நீர்நாய் மனிதருக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, டாக்டர் ஜெர்டன் சொல்லும் கதை. ஜெர்டன் மெட்ராஸ் ராஜதானியில் கம்பெனி டாக்டராக வேலை பார்த்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றியும் பாலூட்டிகளைப் பற்றியும் பெரிய புத்தகங்கள் எழுதினார். பாலூட்டிகள் பற்றிய புத்தகம் வந்தது 1867-ல். அதில் தான் தலசேரியில் இருந்தபோது வளர்த்த நீர்நாயைப் பற்றி எழுதுகிறார். குட்டியாக வந்தது. வீட்டிலிருந்த டெரியர் நாயோடு வளர்ந்தது. அவர் வாக்கிங் போனால் பின்னாலேயே வரும். வழியில் தண்ணீர் தென்பட்டால் இறங்கிக் குட்டிக்கரணம் போட்டுவிட்டு, தவளையோ சின்ன மீனோ பிடித்துத் தின்றுவிட்டு மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும்.

வளர்ந்ததும் தனியாக ஊர் சுற்ற ஆரம்பித்தது. ஒருநாள் நேரே மீன் கடைத்தெருவுக்குப் போய், ஒரு மாப்பிளை வியாபாரியிடமிருந்து பெரிய மீன் ஒன்றைப் பிடுங்கியது. அவர் விடாமல் இழுக்க, அது சீறிய சீறலில் மீனை விட்டுவிட்டார். அதன் பிறகு அதற்கு இதுவே வழக்கமாகிவிட்டது. டாக்டர் மீனுக்கு விலை கொடுத்தே மாளவில்லை. வியாபாரிகள் நியாய விலைக்கு மேலேயே வாங்கியிருப்பார்கள் போல, அந்த வருத்தமும் அவர் எழுத்தில் தெரிகிறது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பெட்டியில் அடைத்து, சாப்பாடு போடாமல் வைத்திருந்து, படகில் ஏற்றி, உப்பங்கழி வழியாக ஏழெட்டு மைல் கொண்டுபோய்த் தண்ணீர் நின்ற நெல்வயலில் விட்டார். அது கண்ணுக்கு மறைந்ததும், தடம் பிடிக்காமலிருக்க வேறு வழியாகத் திரும்பினார். அன்று இரவு ஒன்பது மணிக்கு, வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, ஊருக்குள் மொஹரம் நிகழ்ச்சி நடந்த பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டத்துக்கு நடுவே அது நடந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

இந்தக் கதையை நான் பேத்திக்குச் சொன்னபோது, "நமக்கும் ஒண்ணு வாங்கலாமா தாத்தா?" என்று கேட்டாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கக்கூடும், ஆகவே பதிலைச் சொல்லிவிடுகிறேன். முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீர்நாயைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இணையத்தில் ஜப்பானிய வீடுகளில் சட்டை போட்ட நீர்நாய்க் குட்டிகள் வரும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆசைக்காகத் தென்கிழக்கு ஆசியாவில் பொந்துகளிலிருந்து குட்டிகளைத் திருட ஆரம்பித்தார்கள். 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், இந்தியாவும் சேர்ந்து முன்மொழிந்து, பெரிய நீர்நாய், சிறிய நீர்நாய் இரண்டின் சர்வதேச வியாபாரத்தையும் தடை செய்ய வைத்தது.

செல்லப்பிராணி மோகம் புதிது. தோல் மோகம் பழையது. ஏன் தோல் என்றால், அதன் உடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். திமிங்கிலம், கடல்சிங்கம் போன்றவற்றுக்குக் குளிர் தாங்கத் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பு இருக்கிறது. நீர்நாய்க்கு அது கிடையாது. அதற்குப் பதில் இரண்டடுக்கு ரோமம். மேலே நீளமான முரட்டு மயிர், அடியில் மிக நெருக்கமான பஞ்சு மயிர். அந்தப் பஞ்சு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தண்ணீர் தோலைத் தொடாது. இதைப் பராமரிக்க அது அடிக்கடி கரையேறி, மணலில் புரண்டு, புல்லில் தேய்த்து, ரோமத்தைக் கோதி உலர்த்த வேண்டும். உடம்புச் சூடு குறையாமலிருக்க நிறையவும் தின்ன வேண்டும். பத்து கிலோ பிராணி ஒன்று நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ மீன் தின்னும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு உருப்படி கொண்ட குடும்பத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். மீன் இல்லாத ஆற்றில் அதனால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அந்த ரோமம்தான் வினை. குளிர் நாடுகளில் நீர்நாய்த் தோலுக்கு நல்ல கிராக்கி. 2003 அக்டோபரில் திபெத்தில் ஒரே இடத்தில் பிடிபட்ட சரக்கில் 31 புலித் தோல், 581 சிறுத்தைத் தோல், 778 நீர்நாய்த் தோல் இருந்தன. செய்திகளில் பெரும்பாலும் புலிதான் பேசப்பட்டது. எண்ணிக்கையில் அதிகம் எது என்று பாருங்கள். திபெத்தியர்கள் விழா உடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணமாக இருந்தது. 2006 ஜனவரியில் ஆந்திராவின் அமராவதியில் நடந்த காலசக்கர விழாவில் தலாய் லாமா இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த சில வாரங்களில் திபெத்தில் மக்கள் பரம்பரையாக வைத்திருந்த தோல் உடைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஒருவர் சொல்லி இவ்வளவு நடந்தது அபூர்வம்.

நம் ஊர் மீனவருக்கும் நீர்நாய்க்கும் உள்ள உறவு அத்தனை இனிமையானது இல்லை. வலையில் மாட்டிய மீனைத் தின்னும், போகிற போக்கில் வலையையும் கிழிக்கும். இரண்டாயிரம் ரூபாய் வலை போனவரிடம் போய்ப் பாதுகாப்பு பற்றிப் பேசுவது நமக்குச் சுலபம். வங்கதேசத்தின் நராயில் பகுதியில் மட்டும் மீனவர்கள் நீர்நாயைப் பழக்கி, கயிறு கட்டித் தண்ணீரில் விட்டு, மீனை வலைக்குள் விரட்ட வைக்கிறார்கள். அதுவும் குறைந்துகொண்டே வருகிறது.

இன்று தமிழ்நாட்டில் பெரிய நீர்நாயைப் பார்க்க வேண்டுமென்றால் ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கோ, மாயாற்றுக்கோ போக வேண்டும். 2022 நவம்பரில் தமிழக அரசு கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. அறிவிப்பில் முதலை, ஆற்று ஆமையோடு நீர்நாயின் பெயரும் இருந்தது. விடுமுறையில் அந்தப் பக்கம் போனால் விடியற்காலையில் ஆற்றின் நடுப்பாறைகளைப் பாருங்கள். மீன் செதிலும் முள்ளுமாக எச்சம் கிடந்தால் அது நீர்நாயின் பொதுக் கழிப்பிடம். குடும்பம் மொத்தமும் ஒரே பாறையைத்தான் உபயோகிக்கும். அந்த வாசனைதான் அவற்றின் நோட்டீஸ் போர்டு.

இனி நம்ம ஏரியா. தி.நகர்வாசிகள் நின்றுகொண்டிருப்பது ஏரிக்குள் என்பதை முன்பே ஒரு இதழில் எழுதியிருக்கிறேன். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த லாங் டேங்க்கை 1920-களில் வற்ற வைத்துத்தான் தியாகராய நகர் உருவானது. லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று பெயரில் மட்டும் ஏரி மிச்சம். வள்ளுவர் கோட்டமும் ஏரியில்தான் நிற்கிறது. மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கினோம். ஏரி, ஆறு, கால்வாய், முகத்துவாரம் என்று ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்த நீர்வழியில் மருதத் திணைப் பாடலுக்கு வேண்டிய அத்தனையும் இருந்தது. மீன், நாணல், மண்கரை எல்லாம். ஒவ்வொன்றாகத் துண்டித்தோம்.

பி பிளாக் மாமி சொன்ன சிங்கப்பூருக்கு இப்போது வருகிறேன். அங்கே அவர் தினமும் பார்த்தது காவிரியில் இருக்கும் அதே பெரிய நீர்நாய்தான். சிங்கப்பூரிலும் அது ஒரு காலத்தில் காணாமல் போயிருந்தது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்யச் சொன்னார். 1987-ல் முடித்தார்கள். பன்றிப் பண்ணைகளை அகற்றினார்கள், கரையோரக் குடிசைகளையும் தெருவோரக் கடைகளையும் வேறிடத்துக்கு மாற்றினார்கள், ஆற்றில் கழிவு விழும் வழிகளை அடைத்தார்கள். நீர்நாய்க்காக யாரும் இதைச் செய்யவில்லை. தண்ணீர் சுத்தமாகி மீன் வந்தது. 1990-களில் நீர்நாய் தானாகவே கடலைத் தாண்டித் திரும்பியது. இன்று அது கான்கிரீட் கரையில் படுக்கிறது, பாலத்துக்கு அடியில் குட்டி போடுகிறது, காண்டோமினியம் குளங்களில் புகுந்து விலையுயர்ந்த கோய் மீன்களைத் தின்றுவிட்டுப் போகிறது. அங்குள்ள குடியிருப்பு சங்கங்களில் இது ஒரு பெரிய பஞ்சாயத்து.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. கரையில் புதர் வேண்டும், மணல் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தால் நல்லதுதான். ஆனால் இந்தப் பிராணி கான்கிரீட்டோடு சமாதானமாகப் போய்விடும். சாக்கடையோடு போகாது.

நம் அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வருகிறது. முகத்துவாரத்தில் கடல் நீர் ஏறும் இடத்தில் இன்றைக்கும் மீன் உண்டு, வலை வீசுபவர்களும் உண்டு. 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கரில் கழிமுகச் செடிகளும் பறவைகளும் திரும்பி வந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கொஞ்சம் மேலே வந்தால் தண்ணீரில் மீன் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. கூட்டமாக மீன் செத்து மிதந்த படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பியாயிற்று. சிங்கப்பூரில் செய்ததில் அந்த ஒரு பாதியை நாம் சரியாகச் செய்துவிட்டோம். ஆனாலும் ஆறு கறுப்பாகவே இருக்கிறது. அப்படியானால் மிச்சம் யாருடையது?

இந்தக் கட்டுரைக்காகத் தேதி ஒன்றைச் சரிபார்க்க நம் அசோசியேஷன் மினிட்ஸ் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நம் வளாகத்தின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது நினைவிருக்கும். லாரிக்கு முன்பணம் கட்டினால் நான்கு நாள் கழித்துத்தான் வரும். தரைத்தள வீடுகளின் பாத்ரூமில் எதிர்த்து வந்தது. அவசரக் கூட்டம் போட்டோம். "தற்காலிக ஏற்பாடாக, சேகரிப்புத் தொட்டி நிரம்பும்போது மோட்டார் வைத்துப் பின்பக்க வடிகாலில் விடுவது" என்று ஒருமனதாகத் தீர்மானம். அப்போது நான் செயலாளர். கீழே இருப்பது என் கையெழுத்து.

அந்த வடிகால் மழைநீருக்கானது. நேரே அடையாற்றில் விழுவது. வீடியோவில் பெருச்சாளி நீந்திப் போனது அதில்தான். குழாயைப் பிறகு சரி செய்துவிட்டோம். தற்காலிக ஏற்பாட்டை ரத்து செய்த தீர்மானத்தைத் தேடினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை. கீழே போய்ப் பார்த்தேன். மோட்டார் ரூமில் அந்தப் பச்சை ஹோஸ் ஒரு முனை தொட்டிப் பக்கமும் மறுமுனை மதில் ஓட்டைப் பக்கமுமாக இன்னும் கிடக்கிறது. ஈரமாக இருந்தது. பிளம்பரைக் கேட்டேன். "லாரி லேட்டானா மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை போடுவோம் சார், நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

வரும் பொதுக்குழுவில் 2015 தீர்மானத்தை ரத்து செய்யவும், மதில் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைக்கவும், லாரி தாமதமானால் சமாளிக்க இரண்டாவது சேகரிப்புத் தொட்டி கட்டவும் நான் தீர்மானம் கொண்டுவருகிறேன். தொட்டிச் செலவுக்குப் பராமரிப்புக் கட்டணத்தோடு தனியாக ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்ற மதிப்பீட்டைப் பொருளாளர் கூட்டத்துக்கு முன் குரூப்பில் போடுவார். கோரம் இல்லாமல் போனமுறை மாதிரி ஒத்திப்போட வைக்காதீர்கள். ஆட்டருக்குத் தமிழில் என்ன என்று கேட்ட பையனின் அப்பா தீர்மானத்தை வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.